மூணாம் நம்பர் ஜன்னல்

என் முகத்தை ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்தால் போதும் என்றான் வல்லரசு. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிற மாதிரி கேட்டான். காலையில் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவானாம். எனக்கு வந்த கோபத்தில் அவன் வரவழைத்து வைத்த காபியை நான் தொடவே இல்லை.

நான் அம்சவள்ளி. விழுப்புரத்தில் ஓர் அரசு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் கடை போர்டு ரோட்டில் எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்க ஆள் வந்துவிடும். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். நிஜமான வேலை ஃபாரம் நிரப்புவதும் மனு எழுதுவதும். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், அங்க அடையாளங்கள் இரண்டு. அந்த அங்க அடையாளக் கட்டத்துக்கு வந்ததும் ஜனங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நானே தேடிக் கண்டுபிடித்து, 'இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்' என்று எழுதிவிடுவேன்.

எனக்குத் தேடவே வேண்டாம். இடது கண்ணின் ஓரத்தில் தொடங்கி, கன்னம் முழுக்க இறங்கி, உதட்டு மூலையில் முடிகிற வெள்ளைத் திட்டு. பத்தொன்பது வயதில் மிளகளவுக்கு வந்தது, இருபத்திரண்டுக்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஒரு காலத்தில் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

என் கல்யாணம் இரண்டாயிரத்து ஒன்றில், திண்டிவனத்தில் நடந்தது. என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் என்னை நேரில் பார்த்து, 'சரி' என்று சொல்லித்தான் கட்டினார். அவர் வீட்டிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அப்பாதான் ஸ்டூடியோக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஆல்பம் வந்தபோது அறுபது படத்திலும் என் முகம் ஒரே நிறமாக இருந்தது, கல்யாண மண்டபச் சுவரைப் போல. வீடியோவில் அப்படித் தடவ முடியாத காலம் அது. அதனால் வீடியோக்காரர் மூன்று மணி நேரமும் என் வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. தாலி கட்டும்போதுகூட என் வலது காதுதான் தெரியும், அதைச் சுற்றி நாலு இதயம் சுழலும்.

என் தங்கை மகள் மலர்விழி ஆறு வயதில் ஒரு நாள் அந்த ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "பெரியப்பா பக்கத்துல யாரு பெரியம்மா இது?" என்று கேட்டாள். "யாரோ தெரியல கண்ணு" என்று சொல்லி ஆல்பத்தை வாங்கிப் பரணில் போட்டேன்.

அந்த மலருக்கு இப்போது இருபத்து நாலு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஹைவேஸ் ஓரத்தில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற பெரிய கேம்களுக்கு இங்கே இருந்து கல், மரம், வேலி என்று சில்லறைச் சாமான்கள் வரைந்து அனுப்புவார்கள். மலர் இரண்டு வருஷமாகத் தெருவிளக்குக் கம்பம் வரைந்தாள். விழுப்புரத்தில் காலையில் ரயில் ஏறினால், திண்டிவனத்தில் இறங்கி நேரே விளக்குக் கம்பம்தான்.

சனிக்கிழமைகளில் என் கடையில் வந்து உட்காருவாள். எதிரே ஆபீசின் மூணாம் நம்பர் ஜன்னல் தெரியும். யார் யாரோ போவதும், கம்பிக்குள்ளிருந்து 'நாளைக்கு வாங்க' என்று வருவதும், அவர்கள் திரும்புவதும் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் திடீரென்று, "பெரியம்மா, நானே சொந்தமா ஒரு கேம் பண்ணிக்கினு இருக்கேன். நீங்கதான் அதுல ஜன்னல்" என்றாள்.

"ஜன்னலா? எனக்கு வேற வேஷம் கெடைக்கலயா?"

"ஜன்னலுக்கு உள்ள உக்கார்ற அம்மா."

கேம் இதுதான். விளையாடுகிறவர் ஒரு மனுதாரர். கையில் ஒரு காகிதம், அதில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் நான். அவர் என்ன பேசுவது என்று தேர்ந்தெடுக்க, அதற்கு ஏற்ற என் வீடியோத் துண்டு ஓடும். 'சர்வர் டவுன்' என்பேன், 'ஐயா லீவு' என்பேன், 'நாளைக்கு வாங்க' என்பேன். சிலது நிஜம், சிலது பொய். நிஜமென்றால் அவர் போய்விட்டு வர வேண்டும். பொய் என்றால் ஜன்னலை விட்டு அசையக் கூடாது. நிஜம் சொல்லும்போது நின்று தகராறு செய்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். எது பொய் என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்குள்ளேயே எடுத்தோம். பழைய கம்பிக் கதவு ஒன்றை நிறுத்தி, ஒரு டியூப் லைட்டைப் போட்டு, மலரின் செல்போனை ஸ்டாண்டில் வைத்து இருநூற்று நாற்பது துண்டுகள். ஒரு துண்டு முடிகிற இடத்தில் இன்னொன்று ஒட்ட வேண்டுமாம். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிக்க வேண்டும்: இடது கை ஸ்டாம்ப் பேட் மேல், வலது கை ரிஜிஸ்டர் மேல், தாடை கம்பியில் இருந்த ஆணிக்கு நேராக. "ஆணி, பெரியம்மா, ஆணி!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஜன்னலைப் பத்தொன்பது வருஷம் பார்த்தவளுக்கு நடிப்பு எதற்கு? எந்த நிமிஷத்தில் கண்ணாடியைக் கழற்றுவார்கள், எப்போது இல்லாத ஃபைலைத் தேடுவார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

கடைசியாக எடுத்தது ஒரு நீளமான துண்டு. 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று பொய் சொல்லிவிட்டு, எதிரே நிற்கிறவர் போகாமல் நின்றால் நான் என்ன செய்வேன் என்பது. ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி, பேச்சே கிடையாது. ரிஜிஸ்டரைப் பார்த்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். எத்தனை கிழவர்களுக்கு இந்தப் பொய்யை எதிரே சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று நினைப்பு வந்தது. நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

எடிட் பண்ணும்போது மலர்தான் கவனித்தாள். நான் பொய் சொன்ன துண்டுகளில் எல்லாம் என் வெள்ளைக் கன்னம் மெதுவாக ரோஸ் நிறமாகிறது. மாநிறத் தோலில் தெரியாதது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு இது இருபது வருஷத்துப் பழைய செய்தி. "நீ சொல்ற பொய்யெல்லாம் கன்னத்துக்கு வந்து நிக்குது, அப்புறம் இன்னாத்துக்கு வாயைத் தொறக்கற?" என்பார். மலர் அதையே கேமின் சாவியாக்கிவிட்டாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாள்.

கேமின் முதல் பகுதியை மட்டும் இன்டர்நெட்டில் போட்டாள். 'மூணாம் நம்பர் ஜன்னல்' என்று பெயர். பத்து நாளில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் விளையாடி எழுதினார்கள். முகம் தெரியாத ஒருவர், 'அந்தம்மாவின் இடது கன்னத்தைப் பாருங்கள், சொல்லிவிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே எண்ணூறு பேர் கைதட்டியிருந்தார்கள். மலர் அதைப் படித்துக் காட்டியபோது நான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அந்தக் கன்னத்தைப் பார்க்கச் சொல்லி ஒருவர் இன்னொருவரிடம் நல்ல விதமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புறம்தான் கம்பெனி மூக்கை நுழைத்தது. மலர் கேமை முடித்தது கம்பெனி கம்ப்யூட்டரில். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்துப்படி அதில் செய்தது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். மேனேஜர் வல்லரசு அவளைத் திட்டவில்லை, பாராட்டினான். கம்பெனியே பெரிய அளவில் வெளியிடும் என்றான். ஒரே ஒரு குறை. வீடியோவில் இருக்கிற அம்மாவிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கவில்லை. அது இல்லாமல் எந்தத் தளத்திலும் விற்க முடியாது. அதற்காகத்தான் என்னைத் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டார்கள்.

வல்லரசுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். திண்டிவனத்துப் பையன்தான், வணக்கம் சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டான். பெரிய திரையில் என் நீளமான துண்டை ஓடவிட்டான். பிறகு, "இப்ப இதைப் பாருங்க ஆன்ட்டி. டெஸ்ட்டுக்குத்தான் பண்ணியிருக்கோம்" என்று இன்னொன்றைப் போட்டான்.

அதிலும் நான்தான் குனிந்தேன், நிமிர்ந்தேன். கண் என்னுடையது, குரலும் என்னுடையது. ஆனால் கன்னத்தில் திட்டு இல்லை. பத்து வயது குறைந்திருந்தது. நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே கோதுமை நிறம். நன்றாகத்தான் இருந்தாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். பரணில் கிடக்கிற ஆல்பத்தில் அறுபது படத்தில் இருக்கிறாளே, அவளேதான். இருபத்து நாலு வருஷம் கழித்து எழுந்து வந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த ஒரு நாள் இரவலைக் கேட்டான். ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் முகத்தை எல்லாப் பக்கமும் ஸ்கேன் எடுத்துக்கொள்வார்களாம். அதன் மேல் இந்தப் புது முகத்தைப் போர்த்திவிடுவார்களாம்.

"எதுக்கு தம்பி?" என்றேன்.

"பழைய காலத்துல சிடியில கேம் வரும் ஆன்ட்டி. அப்ப மிஷினுக்கு மனுஷ மூஞ்சி வரையத் தெரியாது. அதான் ஆளைக் கூப்ட்டு வீடியோ எடுத்து நடுவுல சொருகினாங்க. ஸ்டாம்ப் சைஸ்ல ஓடும், கட்டம் கட்டமா ஒடையும். எங்க மாமா வீட்ல வெளையாடிக்கினு விழுந்து விழுந்து சிரிப்போம். இப்ப வேர்வை, மயிர்க்கால் எல்லாமே வரையறோம். நெஜ வீடியோவை அப்படியே போட்டா பழசாத் தெரியும்."

"வரையத் தெரியாதப்ப ஆளைக் கூப்ட்டீங்க. வரையத் தெரிஞ்சதும் ஆளைத் தொரத்துறீங்க. நல்லா இருக்குது நாயம்."

"தொரத்தல ஆன்ட்டி. உங்க நடிப்புதான் இருக்கப் போவுது. ஸ்கின்னை மட்டும் கொஞ்சம் கிளீன் பண்றோம்."

"இன்னா பண்றீங்க?"

"கிளீன்..."

"என் மூஞ்சி இன்னா கழுவாம இருக்குதா?"

பக்கத்து மேசைகளில் தட்டிக்கொண்டிருந்த கீபோர்டுகள் நின்றன. மலர் தலையைக் குனிந்துகொண்டாள். வல்லரசின் முகம் சுருங்கியது. கெட்டவன் இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது உலகம் பூரா போவும் ஆன்ட்டி. யாராவது அசிங்கமா எழுதுவான். நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்" என்றான்.

"எனக்கு கஷ்டமா இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எங்கப்பாவும் அப்டிதான் பண்ணாரு."

அவனுக்கு அது புரியவில்லை. புரிய வைக்கிற பொறுமையும் எனக்கு இல்லை. அவன் நீட்டிய ஃபாரத்தை வாங்கி மடித்துப் பையில் போட்டேன். கையெழுத்து கேட்டான். "படிச்சிட்டு சொல்றேன். என் கடைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் மலர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். மயிலத்தைத் தாண்டியதும், "பெரியம்மா, ஒரு தடவை விட்டுக் கொடுக்கலாமா?" என்றாள். "கையெழுத்து ஆவலன்னா ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பூட்டி வச்சிடுவாங்க. ரெண்டு வருஷ வேலை. நான் மறுபடியும் வெளக்குக் கம்பம் வரையணும்."

மற்றவர்கள் ஆயிரம் சொல்லட்டும். இவள் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கி, தூசியைக்கூடத் தட்டாமல் அவள் மடியில் வைத்தேன்.

"சின்ன வயசுல ஒரு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்குதா?"

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். இரண்டாவதைத் திறந்தாள். ஞாபகம் இருந்தது என்று அவள் உதடு போன போக்கிலேயே தெரிந்தது.

"அப்ப யாரோ தெரியலன்னு சொன்னேன். உன் கேமு வெளிய வந்ததும் யாராவது கேட்டா, மறுபடியும் அதையே சொல்லணுமா? அவளை நீ கூட்டிக்கினு வந்து என் எடத்துல உக்கார வெப்பியா?"

மலர் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கே அழுகை வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கம்பெனியிலயே ஒரு கூத்து நடந்துக்கினு இருக்குது பெரியம்மா" என்றாள். "அந்தப் புது மூஞ்சியை வச்சு டீம்ல நாலு பேர் ஒரு வாரமா வெளையாடறாங்க. ஒருத்தனாலயும் ஜெயிக்க முடியல. கேம்ல ஏதோ தப்பு இருக்குதுன்னு தேடிக்கினு கிடக்குறாங்க."

"நீ சொல்லலயா, சாவியே என் கன்னந்தான்னு?"

"சொன்னேன். அவ்ளோ சின்ன விஷயத்தை யாரு பாக்கப் போறாங்கன்னு வல்லரசு சார் சொல்லிட்டாரு."

சரி, வரட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை வந்தான். கடைக்குள் இடம் இல்லை. வெயிலில், கவுண்டருக்கு வெளியே நின்றான். நான் ஒருவருக்கு வாரிசுச் சான்று மனு எழுதிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு அவன் ஃபாரத்தை எடுத்தேன்.

"இங்கிலீஷ்ல இருக்குது. தமிழ்ல கொண்டாங்க. நாளைக்கு வாங்க."

"ஆன்ட்டி, திண்டிவனத்துலேர்ந்து வர்றேன்..."

"செஞ்சியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றவங்களும் நாளைக்கித்தான் வர்றாங்க."

வெள்ளிக்கிழமை தமிழில் கொண்டுவந்தான். ஏழு பக்கம். அவன் முன்னாலேயே ஒரு வரி விடாமல் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: 'தேவைப்பட்டால் தோற்றத்தை மாற்றவோ நீக்கவோ கம்பெனிக்கு முழு உரிமை உண்டு, விவரம் இணைப்பு ஆ-வில் காண்க.' இணைப்பு ஆ என்று ஒன்று வைக்கவே இல்லை.

"இணைப்பு ஆ எங்க?"

"அது வந்து... இருக்குது, ஆபீஸ்ல."

"இணைப்பு இல்லாத மனுவை எந்த ஜன்னல்லயும் வாங்க மாட்டாங்க சார். திங்கக்கிழமை வாங்க. வரும்போது லேப்டாப்புல ரெண்டு மூஞ்சியையும் போட்டுக்கினு வாங்க. மலரையும் கூட்டிக்கினு வாங்க."

அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சங்கூடப் பாவமாக இல்லை.

திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள். காலை ஒன்பதுக்கே என் கடை வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வல்லரசும் மலரும் வந்து இறங்கியபோது முதல் ஆளாக வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோலியனூர் பக்கம் ஒரு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவள். புருஷன் போன பிறகு பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற நாலு தடவை வந்துவிட்டாள். நாலு தடவையும் மனு எழுதினது நான்தான்.

லேப்டாப்பைக் கவுண்டர் மேல் வைத்தேன். "தம்பி, உங்க கேமை யாரு வெளையாடணுமோ அவங்க இங்க உக்காந்திருக்காங்க. முதல்ல உங்க ஆளைப் போடுங்க" என்றேன். மலர் வெள்ளையம்மாளிடம் ஆட்டத்தைச் சொன்னாள். "கைல காயிதம் இருக்குது. அந்தம்மா கையெழுத்து போடணும். அவங்க சொல்றது நெசம்னு தோணினா கெளம்புங்க, பொய்யின்னா நில்லுங்க."

வல்லரசின் கோதுமை நிறத்துக்காரி திரையில் வந்தாள். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்றாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு துடிப்பு இல்லை. வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நன்றாகப் பார்த்தாள்.

"பாவம், அது இன்னா பண்ணும்? மிஷினு ஓடலன்னா ஓடல. நான் நாளைக்கே வர்றேன்" என்றவள், என் பக்கம் திரும்பி, "யாரு அம்சா இந்தப் பொண்ணு? குரலு மட்டும் உன்னுது மாதிரியே இருக்குது" என்றாள்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வல்லரசைப் பார்த்தேன். வெள்ளையம்மாளுக்கு என்னைப் பத்து வருஷமாகத் தெரியும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவள் என்னை 'அம்சா' என்று கூப்பிட்டதைக் கேட்டவன்தானே.

"இப்ப ரெண்டாவது" என்றேன்.

நான் வந்தேன். கம்பிக்குப் பின்னால், டியூப் லைட் வெளிச்சத்தில், தாடை ஆணிக்கு நேராக. "ஐய, நம்ம அம்சா!" என்று வெள்ளையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். திரையில் நான் 'சர்வர் டவுன்' என்றேன். குனிந்தேன். இருபது விநாடி, முப்பது விநாடி. கன்னத்தின் நடுவிலிருந்து ரோஸ் நிறம் மேலே ஏற ஆரம்பித்தது.

"த, பொய் சொல்றா!" வெள்ளையம்மாள் கவுண்டரில் தட்டினாள். "கன்னத்தைப் பாரு, செவந்துக்கினு வருது. சர்வரு எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது. நான் போவ மாட்டேன்டி. கையெழுத்து போடு!"

"போவாத, நில்லு!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி முடிந்தது. திரையில் நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கூட்டம் ஓவென்று கத்தியது. எதிரே ஆபீசிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

மலர் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு துண்டைப் போட, அடுத்தடுத்துப் பதினோரு பேர் விளையாடினார்கள். வல்லரசின் முகத்தை ஒன்பது பேர் நம்பிக்கொண்டு கிளம்பினார்கள். என் முகத்தில் பத்துப் பேர் பொய்யைப் பிடித்தார்கள். பிடிக்காத ஒருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்.

வல்லரசு லேப்டாப்பை மெதுவாக மூடினான். "ஒரு வாரமா தப்பைத் தேடிக்கினு இருந்தோம்" என்றான். "அந்தத் தப்பை நாங்கதான் பண்ணியிருக்கோம்."

"அது மட்டும் இல்ல தம்பி. இவங்க எல்லாரும் கண்டுபுடிக்கலன்னு வச்சிக்கோங்க. ஒரு ஆள்கூட ஜெயிக்கலன்னு வச்சிக்கோங்க. அப்பவும் என் மூஞ்சி என்னுதுதான். ஆட்டத்துக்கு உதவுதுன்னு நீங்க விட்டுக் கொடுக்க வேணாம். நான் சொல்றேன்னு விடணும்."

அவன் பையிலிருந்து ஏழு பக்கத்தை எடுத்தான். இந்தத் தடவை இணைப்பு ஆ-வும் இருந்தது. அதையும் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் 'மாற்றவோ நீக்கவோ' என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன். இணைப்பு ஆ-வைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். அதன் அடியில் என் மனு எழுதுகிற கையெழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினேன்.

'பெயர்: அம்சவள்ளி. அங்க அடையாளம்: இடது கண் ஓரம் முதல் உதட்டு ஓரம் வரை வெள்ளைத் திட்டு. இந்த அடையாளம் இல்லாத எந்த உருவமும் மேற்படி அம்சவள்ளி ஆகாது. அதை அவர் பெயரிலோ, குரலிலோ, நடிப்பிலோ வெளியிட அவருக்குச் சம்மதம் இல்லை.'

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய மச்சத்தை எழுதியிருக்கிறேன். என்னுடையதை ஒரு காகிதத்தில் எழுதியது அன்றைக்குத்தான். எழுதி முடித்ததும், தப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கிற மாதிரி இன்னொரு தடவை படித்தேன்.

"இங்க, இங்க, இங்க. அடிச்ச எடத்துல எல்லாம் முழுக் கையெழுத்து. இனிஷியல் செல்லாது. கம்பெனி சீலும் வேணும்."

"சீல் ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தவன், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, பையைத் துழாவி சீலை எடுத்தான். இரண்டு தடவை திரும்பிப் போனதில் அவ்வளவாவது கற்றிருந்தான். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, மூன்று இடத்தில் குத்தினான். மலர் எனக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப உங்க கையெழுத்து ஆன்ட்டி" என்றான்.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் இப்படிச் சட்டென்று தீர்ந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளவும் மனசில்லை. ஒரு கல்யாணம், அறுபது படம், இருபத்து நாலு வருஷம். இன்னும் ஒரு நாள் வெயிலில் நிற்கட்டுமே.

இடது கையை மேசைமேல் வைத்தேன். வலது கையை அவன் காகிதத்தின் மேல் வைத்தேன். "பேனாவுல இங்க் தீந்துடுச்சி. நாளைக்கு வாங்க" என்றேன்.

வல்லரசு பையை எடுக்கவில்லை, திரும்பவும் இல்லை. கவுண்டர் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு என் இடது கன்னத்தை நேராகப் பார்த்தான். பத்து விநாடி, இருபது விநாடி. வாசலில் இருந்த கூட்டமும் பார்த்தது. என் முகம் சூடாவது எனக்கே தெரிந்தது.

"பொய் சொல்றீங்க ஆன்ட்டி" என்றான். "நான் போவல."

வெள்ளையம்மாள்தான் முதலில் சிரித்தாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.